பத்தாம் நம்பர் கூண்டு

பொய் சொல்கிறவர்களைக் கண்டால் துப்பறியும் சங்கமித்ராவுக்கு ஒரே சந்தோஷம். அவர்களிடம் ஒரு கதையாவது தயாராக இருக்கும். உண்மை சொல்கிறவர்களோடுதான் மாரடிக்க வேண்டும். ‘எனக்கே தெரியல’ என்று கையை விரித்துவிட்டு மூக்கைச் சிந்துவார்கள்.

நவ்ரீன் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

கல்மண்டபத்தில் மீன்வலைக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது சங்கமித்ராவின் அலுவலகம். வங்கக் கடலில் புயல். காலையிலேயே துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டை ஏற்றிவிட்டார்கள். படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்ததால், ஞாயிற்றுக்கிழமைக்குரிய மீன் வாடைகூட இன்று கொஞ்சம் குறைவுதான்.

“இன்னொரு தபா முதல்லேருந்து சொல்லு,” என்றாள் சங்கமித்ரா.

“அழாம சொல்லு,” என்றான் ஹுமாயூன். “எங்கிட்ட கீறது ஒரே கர்ச்சீப்பு. அதுவும் காலையில பைக்கைத் தொடச்சது.”

ஹுமாயூன் அவளுடைய உதவியாளன், வண்ணாரப்பேட்டைக்காரன். வேலையில் சேர்ந்த அன்று அவள் போட்ட ஒரே நிபந்தனை, பேச்சைக் குறைக்க வேண்டும் என்பது. அந்த நிபந்தனை இன்றுவரை அமலுக்கு வரவில்லை.

நவ்ரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். “நேத்து சாயங்காலம் காலடிப்பேட்டை மண்டபத்துல பொது அறிவுப் போட்டி, அக்கா. அரையிறுதி. கல்மண்டபம் டீமுக்கு நான் கேப்டன். வள்ளூர் டீமுக்கு வேம்பு. மூணு ரவுண்டு: போர், புயல், பாட்டு. கேள்வி கேக்கறவர் பக்தவச்சலம் சார். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். கேள்வி, விடை எல்லாம் அவர் போன்லதான் இருக்கும்.”

“நான் போன வருஷம் பார்த்தேன் மேடம்,” என்றான் ஹுமாயூன். “ஒவ்வொரு கேள்விக்கு முன்னாடியும் மோதிரத்தால மேசையில டக்குனு ஒரு தட்டு தட்டுவாரு. பாட்டு ரவுண்டுல கானான்னு பேச்செடுத்தாலே கடிச்சிக் குதறிடுவாரு. கானா கலீஜாம்.”

“ரெண்டாவது ரவுண்டுல ஒரு கேள்வி வந்துச்சு,” என்றாள் நவ்ரீன். “1914ல ஜெர்மன்காரனோட எம்டன் கப்பல் மெட்ராஸைச் சுட்டுச்சுல்ல? அந்த ராத்திரி நம்ம ஹார்பர்ல எத்தனையாம் நம்பர் புயல் கூண்டு ஏறி இருந்துச்சுன்னு கேட்டாரு. நான் சட்டுனு பெல்லை அழுத்தி ‘பத்து’ன்னுட்டேன்.”

“சரியா?”

“தப்பு. அன்னிக்குப் புயலே கிடையாதுக்கா. வூட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன்.”

“தப்பா பதில் சொன்னதுக்கு கேஸா?” என்றான் ஹுமாயூன். “அப்படின்னா நான் எட்டாங்கிளாஸ்லயே உள்ள போயிருக்கணும்.”

“கம்முனு இரு ஹுமாயூன். நவ்ரீன், நீ பத்துன்னு சொன்னதும் வாத்தியார் இன்னா சொன்னாரு? சரின்னாரா, தப்புன்னாரா?”

“ரெண்டும் சொல்லல. வாயைத் திறந்தாரு, கரண்டு போச்சு. காத்துல எங்கயோ ஒயரு அறுந்துடுச்சாம். போட்டியைத் தள்ளி வச்சிட்டாங்க. ஜனங்க கிளம்பறதுக்குள்ள வேம்பு எழுந்தான். ‘இந்தப் பத்து உலகத்துல எங்கயும் இல்லாத விடை. வாத்தியார் போன்லேருந்து சுட்டது. வேணும்னா திறந்து பாருங்க’ன்னான். எல்லார் முன்னாடியும் திறந்தாங்க.” அவள் மறுபடி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பத்துன்னுதான் இருந்துச்சு.”

சங்கமித்ரா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது புதுமாதிரி சிக்கல். சரியான விடையை இரண்டு பேர் சொன்னால் இரண்டு பேரும் படித்தவர்கள். இல்லாத புயலுக்கு இரண்டு பேரும் ஒரே நம்பரைச் சொன்னால், ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியவர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் சட்டம்.

“நீ அந்த போனைப் பார்த்தியா?”

“அல்லா மேல ஆணையா இல்லக்கா.”

“அப்ப பத்து எங்கேருந்து வந்துச்சு?”

“அதான் எனக்கே தெரியல! சின்ன வயசுலேருந்து தெரியும். எங்க படிச்சேன், யாரு சொன்னா, ஒண்ணும் ஞாபகம் இல்ல. எம்டன்னா பத்து. அவ்ளோதான்.”

இந்த இடத்தில் அவள் நிஜமாகவே அழுதாள். காரணம் கோப்பை இல்லை. திருவொற்றியூரில் ஒரு சின்ன வானொலி நிலையம் இருக்கிறது. அங்கே திங்கள்கிழமை, அதாவது நாளைக்கு, பொது அறிவு நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்க அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நேற்றைய கூத்து அவர்கள் காதுக்கும் போய்விட்டது. ‘போட்டிக் கமிட்டி இன்று மதியம் கூடுகிறதாம். அங்கே பெயர் தெளிவானால் வாம்மா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறோம்’ என்று பதமாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை அது.

“வாத்தியாரை விடு, போனை விடு,” என்று எழுந்தாள் சங்கமித்ரா. “அந்தப் பத்து உன் காதுக்குள்ள எந்த வழியா நுழைஞ்சுதுன்னு கண்டுபுடிப்போம். உன் வூட்டைக் காட்டு.”

“காதுக்கு ரெண்டு வழிதான் மேடம்,” என்றான் ஹுமாயூன். “எங்க நைனா திட்டினா ஒண்ணுல பூந்து இன்னொண்ணுல போயிடும்.”

நவ்ரீனின் வீடு இரண்டு சந்து தள்ளி இருந்தது. அவள் படிக்கிற அறை கடைசி அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவர் முழுக்க உலக வரைபடம். சங்கமித்ரா அலமாரியில் இருந்த புத்தகங்களைத் தொடக்கூட இல்லை. சுவரில் ஆப்பிரிக்காவுக்கு மேல் காதை வைத்து நின்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் டோலக் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அது என்ன?”

“கேரம் கிளப்பு, அக்கா. எப்பவும் கட்டை அடிக்கிற சத்தம் மட்டும்தான் வரும். கூண்டு ஏறின நாள்ல இப்படித்தான் பாட்டு. கடலுக்குப் போவ முடியாதவங்க எல்லாம் வந்து உக்காந்துடுவாங்க. நான் காதுல பஞ்சை வச்சிகினு படிப்பேன்.”

“பஞ்சு கம்பெனி மேல கேஸ் போடலாம்,” என்றான் ஹுமாயூன்.

கிளப்புக்குள் ஆறேழு மீனவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இரண்டு பேர், நடுவில் டோலக்கோடு மதி. அவர்தான் கிளப்பைப் பார்த்துக்கொள்கிறவர். புயல் வந்தால் படகுக்கு ஆபத்து, சோற்றுக்கு ஆபத்து. அந்தக் கவலையை மறைக்க அங்கே எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“மாமு,” என்று தோழமையாகத் தோளில் கை போட்டான் ஹுமாயூன். “எம்டன் மேல பாட்டு எதுனா கீதா?”

மதி சிரித்தார். “அது இல்லாம கூண்டு நாளா? இப்பத்தான் பாடி முடிச்சோம். இன்னொரு வாட்டி கேளு.” டோலக்கை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு எடுத்துவிட்டார்:

“பத்தா நம்பர் கூண்டு ஏறி பதறுது பார் ஹார்பரு
எட்டிப் பாத்தான் எம்டன்காரன் எரியுது பார் டாங்கரு!”

வாசலில் நின்ற நவ்ரீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். காதில் வைத்த பஞ்சையும் மீறி அந்தப் பத்து எத்தனையோ வருடமாக அவள் தலைக்குள் குடியிருந்திருக்கிறது.

“எண்ணெய் டாங்கு எரிஞ்சது நெசம்,” என்றாள் சங்கமித்ரா. “பத்தாம் நம்பர் கூண்டு ஏறின கடல்ல ஒரு கப்பல் கரைக்குக் கிட்ட வந்து, நிதானமா நின்னு, குறி பார்த்துச் சுடுமாண்ணே?”

“சுடாது. நாங்க கடல்காரங்க, எங்களுக்குத் தெரியாதா?” என்றார் மதி. “பாட்டுக்குத் தெரியணுமே! கூண்டு நாள்ல பாடற பாட்டு, அதான் கூண்டு. ‘ஒண்ணா நம்பர் கூண்டு’ன்னு பாடிப் பாரு. டோலக்கு தூங்கிடும். பத்துன்னாதான் எகிறும்.”

“வேற எங்கயாச்சும் இந்தப் பாட்டைப் பாடுவாங்களா? கல்யாணம், சாவு?”

“ஐயய்ய! கூண்டு நாள்ல மட்டும்தான், அதுவும் இந்த நாலு செவுத்துக்குள்ள. மத்த நாள்ல பாடினா புயலை நாமளே வெத்தலை பாக்கு வச்சி அழைச்சா மாறி ஆயிடும். போன்லகூட புடிக்க வுட மாட்டோம்.”

சங்கமித்ராவின் புருவம் ஏறியது. உலகத்தில் எங்கும் இல்லாத விடை, இந்த ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. நவ்ரீனுக்குச் சுவர் வழியாக வந்தது. காலடிப்பேட்டை ஹெட்மாஸ்டருக்கு எந்த வழியாக வந்தது?

“இந்தப் பாட்டை யாருண்ணே கட்டினது?”

“கட்டினவரு போய்ச் சேர்ந்துட்டாரு. அவருக்கு டோலக் வாசிச்சவன் ஒருத்தன் இருந்தான். அடேங்கப்பா, இன்னா கையி! ஒவ்வொரு அடி முடியறப்பவும் மோதிரத்தால டக்குனு ஒரு தட்டு. கவுருமெண்டு வேலை கெடச்சிது, பெரிய மனுசன் ஆயிட்டான். அத்தோட இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல.”

சங்கமித்ரா ஹுமாயூனைப் பார்த்தாள். ஹுமாயூன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல் பைக் சாவியை எடுத்தான்.

நவ்ரீனோடு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, காலடிப்பேட்டை மண்டபத்தில் கமிட்டி கூடியிருந்தது. நடு நாற்காலியில் கமிட்டித் தலைவி கோவிந்தம்மா. மீன் ஏலத்தில் குரல் வளர்த்தவர். மைக் அவர் முன்னால் சும்மா மரியாதைக்கு நின்றது. ஒரு பக்கம் இஸ்திரி கலையாத சட்டையில் வள்ளூர் கேப்டன் வேம்பு. மறுபக்கம் பக்தவச்சலம், நெற்றியில் விபூதி, விரலில் கல் வைத்த மோதிரம்.

பக்தவச்சலம் கைபேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோவதும் தூரக் கொண்டுபோவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்த ஹுமாயூனைப் பார்த்ததும், யார் எவர் என்றுகூடக் கேட்காமல் நீட்டினார்.

“தம்பி, இந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணிக் குடுப்பா. தானா சின்னதாயிடுது.”

ஹுமாயூன் இரண்டு விரலால் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு, சங்கமித்ராவின் காதருகே குனிந்தான். “போனுக்குப் பூட்டே இல்ல மேடம். பேங்கு மெசேஜெல்லாம் பாத்துட்டேன்.”

“இப்ப சொல்லும்மா,” என்றார் கோவிந்தம்மா. “இந்தப் பொண்ணு தப்பு பண்லன்னு சொல்ல வந்தியாமே. எப்டி?”

“அதுக்கு முன்னாடி சாரை ஒண்ணு கேக்கணும். சார், எம்டன் அன்னிக்குப் பத்தாம் நம்பர் கூண்டுன்னு எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?”

பக்தவச்சலம் தொண்டையைச் செருமினார். “பொதுவாக அறியப்பட்ட விஷயம்தானே அது? எல்லாக் கேள்வியையும் புத்தகத்தில் சரிபார்த்தேன். இது எனக்கே தெரியும் என்பதால் பார்க்கவில்லை.”

“கானா பாட்டு ஏதாவது கேட்டிருக்கீங்களா?”

“கானாவா? சிவ சிவா. எனக்கு கர்னாடக சங்கீதம் மட்டும்தான். அந்தக் கண்றாவி என் வீட்டு வாசப்படி மிதித்ததில்லை.”

“சரி சார். ஹுமாயூன், பாடு.”

ஹுமாயூன் பாடகன் இல்லை. அது அவனுக்கு மட்டும் தெரியாது. மண்டபமே முகம் சுளிக்க, மேசையில் தாளம் போட்டபடி எடுத்தான்: “பத்தா நம்பர் கூண்டு ஏறி பதறுது பார் ஹார்பரு...”

அத்தோடு நிறுத்திவிட்டான்.

பாதியில் நின்ற பாட்டு அந்தரத்தில் தொங்கியது. பக்தவச்சலம் விட்டத்தைப் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்தார். அவருடைய வலது கை மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மேசை மேல் விரல்கள் தாமாக உருண்டன, மோதிரம் டக்கென்று ஒரு தட்டுத் தட்டியது, அடுத்த கணம் அவர் வாயே திறந்துகொண்டது.

“எட்டிப் பாத்தான் எம்டன்காரன் எரியுது பார் டாங்கரு!”

டக்.

கணீர் என்ற குரல். மண்டபம் வாய் பிளந்தது. பக்தவச்சலம் பேயைக் கண்டதுபோலத் தன் கையையே பார்த்தார்.

“அட, இன்னா நைனா!” என்று கோவிந்தம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். “கானா கலீஜுன்னு உதாரு வுட்டுகினு இருந்தியே!”

“சார் கேரம் கிளப்புல டோலக் வாசிச்சவர்,” என்றாள் சங்கமித்ரா. “நவ்ரீன் அந்தக் கிளப்புக்குப் பின்சுவர்ல வளர்ந்தவ. ரெண்டு பேரும் ஒரே பாட்டுலேருந்து ஒரே தப்பை எடுத்துக்கிட்டாங்க. எங்கே கேட்டோம்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல. இதுல திருட்டு எங்கம்மா கீது?”

நவ்ரீன் மூச்சு விட்டாள். கமிட்டியில் தலைகள் அசைந்தன. எல்லோரும் எழுந்திருக்கப் போனார்கள்.

“உக்காருங்க,” என்றாள் சங்கமித்ரா. “திருட்டு நடக்கலன்னு நான் சொல்லவே இல்லியே.”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

“நேத்து நவ்ரீன் பத்துன்னு சொன்னா. சார் பதில் சொல்றதுக்குள்ள கரண்டு போச்சு. சரியா? அப்ப சார் போன்ல பத்துன்னு இருக்கிறது சாருக்கு மட்டும்தான் தெரியணும். வேம்பு தம்பி, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

வேம்பு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“திறந்து பாருங்கன்னு நீங்க சொன்னீங்க. திறந்தாங்க, இருந்துச்சு. இருந்துச்சேங்கிற ஆச்சரியத்துல, இவருக்கு எப்படித் தெரியும்னு ஒருத்தரும் கேக்கல.” அவள் பக்தவச்சலத்தின் பக்கம் திரும்பினாள். “சார், நேத்து போட்டிக்கு முன்னாடி எழுத்தைப் பெரிசு பண்ண யார்கிட்ட போனைக் குடுத்தீங்க?”

பக்தவச்சலம் நெற்றியைத் தடவிக்கொண்டே யோசித்தார். பிறகு அவர் பார்வை மெதுவாக வேம்புவின் இஸ்திரி கலையாத சட்டையில் போய் நின்றது.

வேம்பு தலையைத் தொங்கப்போட்டான். “பாக்கணும்னு பாக்கல சார். நீங்களா குடுத்தீங்க. கண்ணுல பட்டுச்சு. அப்பால வுட மனசு வரல. நானும் பத்துன்னு சொல்லத்தான் பெல்லை அழுத்தினேன். இவ முந்திகினா.” அவன் நவ்ரீனைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துப் பேசினான். “போட்டிக்கு முன்னாடியே இன்டர்நெட்ல தேடினேன், எங்கயும் அந்தப் பத்து இல்ல. போனைப் பார்த்தாதான் தெரியும்னு நெனச்சேன். நான் பார்த்த மாறியே இவளும் பார்த்துட்டான்னுதான் நெசமா நம்பினேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. சங்கமித்ராவுக்கே அவன்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

கோவிந்தம்மா தீர்ப்புச் சொல்ல ஏலத்தில் எடுக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே எடுத்துக்கொண்டார். வேம்புக்கு இந்த வருடம் போட்டியில் இடமில்லை. நவ்ரீன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. “ஆனா பொண்ணு, நீ சொன்னது ராங்கு. உனக்கு மார்க்கு கெடையாது.”

“வேணாம்மா,” என்றாள் நவ்ரீன். அழுத கண்ணோடு சிரித்தாள். “தப்பா சொன்னேன்னு ஊரெல்லாம் சொல்லுங்க. திருடினேன்னுதான் சொல்லக் கூடாது.”

பக்தவச்சலம் எழுந்து மைக்கைப் பிடித்தார். “கேள்வியே தவறு. தவறு என்னுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட பெண்ணை இவ்வளவு பேர் முன்னால் நிற்க வைத்துவிட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்தவன் நான்.” மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

நவ்ரீனின் கைபேசி அடித்தது. வானொலி நிலையம். எடுத்த அவசரத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டாள். மறுமுனைக் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“என்னம்மா ஆச்சு? நாளைக்கு வரியா?”

“வரேன் சார். பேர் தெளிவாயிடுச்சு.”

“நல்லது. முதல் நிகழ்ச்சி, எதைப் பத்திப் பேசப் போறே?”

நவ்ரீன் ஒரு கணம் யோசித்தாள். “எம்டன், புயல், ஒரு கானா பாட்டு. நான் சொன்ன தப்பான விடையிலேருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.”

“பாட்டு போடறதுன்னா ரெக்கார்டு வேணுமே?”

“ரெக்கார்டு இல்ல சார். அதை ரெக்கார்டு பண்ணவே விட மாட்டாங்க. நேரடியா, கூண்டு ஏறியிருக்கிற நாள்லதான் பாடணும்.”

“நாளைக்கும் கூண்டு இறக்க மாட்டாங்களாம்,” என்று ஹுமாயூன் குறுக்கே விழுந்தான். “பாட நான் ரெடி!”

“நீ வேணாம்,” என்று மண்டபமே ஒரே குரலில் சொன்னது.

பக்தவச்சலம் நவ்ரீனின் பக்கம் குனிந்தார். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. குரலில் ஹெட்மாஸ்டர் இல்லை.

“இன்னாம்மா,” என்றார். “டோலக்குக்கு ஆள் வச்சிட்டியா?”